பதினாறு கிலோமீட்டர், இருபது மைல் வேகம்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, துயரத்தைத் தாங்கி முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் தங்கை ஒதிலியா அவர்களே, மலையிறங்கி வந்திருக்கும் என் ஊர் மக்களே, ஆம்புலன்ஸ் நிலையத் தோழர்களே!

முப்பத்தொரு ஆண்டுகள் நம் நிலையத்தின் வயர்லெஸ் முன்னால் அமர்ந்திருந்த நெரெய்டா பகான் அம்மையார் இன்று இல்லை. அவர் குரல் இல்லாத அந்த அறைக்குள் நேற்று போனேன். நிற்க முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

நம் புவேர்த்தோ ரிக்கோவைப் போல ஒரு தீவு உண்டா? தூரத்தைச் சொல்லும் பலகை கிலோமீட்டரில்! வேகத்தைச் சொல்லும் பலகை மைலில்! வீட்டு முகவரியே சாலையின் கிலோமீட்டர் எண்தான். வண்டியின் முள்ளோ மைலைத்தான் காட்டும். நாம் பிறந்தது முதல் இப்படித்தான் ஓட்டுகிறோம், யாருக்கும் உறுத்தியதில்லை. உறுத்தியது ஒருவருக்கு மட்டும். ஓட்டுநர் யாராவது "இன்னும் பதினாறு இருக்கு" என்றால் போதும். "பதினாறு என்னடா? வாழைக்காயா? எண்ணச் சொன்னா அதோட பேரையும் சேத்துச் சொல்லு!" என்று பிடித்துக்கொள்வார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

அந்தப் பெரும்புயலுக்குப் பிறகான ஆறாவது நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் பெரியவர் கசிமீரோ ஆக்சிஜன் சிலிண்டரை நம்பிப் படுத்திருந்தார். அதில் மிச்சம் முப்பத்தைந்து நிமிடம். பக்கத்து வீட்டில் வாங்கி வந்த வயர்லெஸ்ஸில் அவர் மகள் பிரிஹிதா அழுதுகொண்டிருந்தாள். புதுச் சிலிண்டரோடு ஆம்புலன்ஸில் மலையேறிக்கொண்டிருந்தவன் நான். இருபத்திரண்டாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது அம்மையார் என்னைக் கேட்டார்.

"எங்கடா இருக்க? எவ்வளவு நேரமாகும்?"

"இன்னும் பதினாறு இருக்குக்கா. சேறு, இருபதுக்கு மேல போக முடியல. முக்கால் மணிக்கு மேல ஆகும்."

இதைப் பிரிஹிதாவும் கேட்டுவிட்டாள். "ஐயோ, அதுவரைக்கும் காத்து தாங்காதே! சிலிண்டர் திருகைப் பாதியாக் குறைச்சிடட்டுமா? காலையில குறைச்சப்போ அப்பாவுக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சே!"

குறைத்தால் அந்த உடம்பு தாங்காது. குறைக்காமல் விட்டு நான் சொன்னபடி தாமதமானால் சிலிண்டர் தாங்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெண், ஒரு நாற்காலி, ஒரு மனக்கணக்கு! வேறென்ன இருந்தது அவரிடம்?

இரண்டே மூச்சில் கணக்கை முடித்தார். பிறகு அந்தக் குரல் வந்தது. "திருகைத் தொடாத, அம்மாடி. கையை எடு. பதினாறு கிலோமீட்டர்னா பத்து மைல். அவன் வர்றது மணிக்கு இருபது மைல். அரை மணியில உன் வாசல்ல நிப்பான். நான் சொல்றேன்."

நான் சொல்றேன்! யாரால் அப்படிச் சொல்ல முடியும்? ஐந்து நிமிட இடைவெளியில் ஓர் உயிரை வைத்துக்கொண்டு, நடுங்காத குரலில் யாரால் சொல்ல முடியும்? முப்பத்தோராவது நிமிடத்தில் நான் அந்த வாசலில் நின்றேன். பெரியவர் அதன் பிறகு ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார்.

இப்போது நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முக்கால் மணி நேர மலைப்பாதையில் இந்த எஃப்ராயின் அரை மணியில் பறந்து வந்தான் என்று ஊரே பேசியது. பிரிஹிதா, நீயும் அப்படித்தான் நம்பினாய். இதே மண்டபத்தில் எனக்குப் பாராட்டுப் பட்டயம் கொடுத்தார்கள். நான் பறக்கவில்லை, அம்மா. அதே இருபது மைலில்தான் வந்தேன். கிலோமீட்டரை மைலால் வகுத்துத் தப்பான நேரத்தைச் சொன்ன முட்டாள் நான். அன்று அம்மையார் என் பேச்சை நம்பியிருந்தால் உன் அப்பாவை நீயே உன் கையால் மூச்சடைக்க வைத்திருப்பாய்.

அவருக்கு எல்லாம் தெரியும். பட்டயம் கொடுத்த அன்று கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். வெளியே வந்து, "அக்கா, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நாளைக்கு உன் வண்டியில ஏற யாருக்குடா நம்பிக்கை வரும்? போ, டயர்ல சேறு காஞ்சு கிடக்கு, கழுவு" என்றார். அவ்வளவுதான்! அதற்கு மேல் ஒரு சொல் இல்லை, சாகும்வரை இல்லை.

அந்தப் பட்டயத்தை இன்று அவர் படத்தின் கீழே வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் பெயர் தவறு. திருத்தி எழுதக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை முதல் அந்த நாற்காலியில் என்னை அமரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. ஆனாலும் அம்மையாரே, உங்கள் முன்னால் சொல்கிறேன், தோழர்களே, நீங்களும் என்னோடு எழுந்து நின்று சொல்லுங்கள்: "சீக்கிரம் வந்துவிடுவோம்" என்று இனி இந்த நிலையத்தில் எவரும் சொல்ல மாட்டோம். மூச்சுக்குக் காத்திருப்பவருக்கு நிமிடத்தைச் சொல்வோம். சொன்ன நிமிடத்தில் வாசலில் நிற்போம்!