சாவிக்கொத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர்

சாவியைத் தொலைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் சாவிக்கொத்தில் மூன்று பொருட்கள்: கடை ஷட்டர் சாவி, பைக் சாவி, சிவப்பு நிறத்தில் சுண்டுவிரல் அளவு ஒரு பென் டிரைவ். நாலு வருஷமாக மூன்றும் என் பேன்ட் பையை விட்டுப் பிரிந்ததில்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டால், நான் பொறுப்பான ஆள் என்ற எண்ணம் உங்களுக்கு வரும், மற்றதைப் படிக்கும்போது கோபம் கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை.

மேலகரத்தில் நல்லதம்பி அண்ணாச்சி நடத்தும் கல்யாணத் தகவல் மையத்தில் பிள்ளைகளின் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் பெற்றோர்களே, இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். என் பெயர் மாரிராஜ். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மையத்துக்கு வந்தபோது, மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு முதுகை மட்டும் காட்டிய ஒருவனை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த முதுகு என்னுடையது.

2021 தை மாதம். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, குற்றாலத்துக்குப் போய்க் குளித்துத் தலை துவட்டித் திரும்பினால், அப்போதுதான் திரை வெளிச்சம் காட்டும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புதியது போட்டேன். டெஸ்க்டாப்பில் இருந்தவை, டாக்குமென்ட்ஸில் இருந்தவை, டி டிரைவில் கிடந்த சாமி படங்கள், அண்ணாச்சி பேரனின் காதுகுத்து வீடியோ என்று ஒன்று விடாமல் புதியதற்கு மாற்றினேன். ஜாதக சாஃப்ட்வேரையும் புதிதாக ஏற்றினேன். அழகாகத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. உங்கள் பிள்ளைகள் ஆயிரத்து நூற்று நாற்பது பேரும் அன்று மாலை ஐந்து மணிக்குப் பிறக்காதவர்கள் ஆனார்கள்.

சாஃப்ட்வேர்களுக்கு ஒரு குணம் உண்டு. நாம் கொடுப்பதை நம் கண்ணில் படுகிற இடத்தில் அவை வைப்பதில்லை. யூசர்ஸ் என்ற ஃபோல்டரில் நம் பெயரில் ஒன்று இருக்கும். அதற்குள் ஆப்டேட்டா என்று ஒன்று. சாதாரணமாகப் பார்த்தால் அது தெரியாது, மறைத்து வைத்திருப்பார்கள். அதற்குள் ரோமிங். பெயர்தான் ஊர்சுற்றி, ஆள் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டான். எழுத்து எந்த அளவில் வரவேண்டும் என்ற செட்டிங்ஸ் முதல் உங்கள் மகள் பிறந்த நிமிஷம் வரை எல்லாம் அங்கேதான். இது உங்களுக்குத் தெரியாமல் இருப்பது நியாயம். எனக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

நீங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த படிவங்களைப் பார்த்து மறுபடி ஏற்றியிருக்கலாமே என்பீர்கள். ஏற்றியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான், “பேப்பர் எதுக்கு அண்ணாச்சி, கரையானுக்குத் தீனியா?” என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு, அண்ணாச்சி அத்தனையையும் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டார். அந்த ஒருவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மூட்டை போனதும் அவன் பைக்கில்தான்.

டெஸ்க்டாப்பில் ஒரு பட்டியல் மட்டும் தப்பியிருந்தது. பெயர், பிறந்த தேதி, படிப்பு, போன் நம்பர். பிறந்த நேரம் அதில் இல்லை. நேரம் இல்லாமல் லக்னம் இல்லை, லக்னம் இல்லாமல் பொருத்தம் இல்லை, பொருத்தம் இல்லாமல் அண்ணாச்சி இல்லை. மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் அனுசியா, சித்தி மகள் கல்யாணத்துக்கென்று மூன்று நாள் லீவில் போயிருந்தாள். அண்ணாச்சி முன்னறையில் தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து உங்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குக் கேள்விகள் ஆகாது.

சுவரில் ரயில் நேர அட்டவணை தொங்கியது. அதில் இருந்த வருகை, புறப்பாடு நேரங்களை வரிசையாக உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டேன். அட்டவணை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ரயில் தாமதமாக வந்தாலும் ஜாதகம் மாறாது என்பது இதில் ஒரு வசதி.

யாராவது கண்டுபிடிப்பீர்கள் என்று முதல் மாதம் முழுக்கக் காத்திருந்தேன். நீங்கள் என்னைக் கைவிட்டுவிட்டீர்கள். பிரிண்ட் அவுட்டில் பிறந்த நேரம் எறும்பு எழுத்தில் மேலே வரும். ‘பொருத்தம் இல்லை’ என்பது கொட்டை எழுத்தில் கீழே வரும். நீங்கள் கீழிருந்து படிப்பவர்கள். பாவூர்சத்திரத்து வியாபாரி ஒருவர் மட்டும் வீட்டு நோட்டு ஜாதகத்தைக் கொண்டுவந்து, நேரம் மாறியிருக்கிறதே என்றார். அண்ணாச்சி சிரித்தார். “ஆசுத்திரிக் கடியாரம் முன்னபின்ன ஓடியிருக்கும்வே. மெசினு பொய் சொல்லுமா?” வியாபாரி நோட்டை மடித்துக்கொண்டு போனார். மெஷின் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைச் சொன்னது.

அவர் மகள்தான் உலகம்மாள். பிறந்த தேதியில் பகல் வரை கேட்டை, பிறகு மூலம். நான் போட்ட நேரம் மாலை நாலே கால். கேட்டையாக இருந்திருந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள், அந்த மாப்பிள்ளைக்கு அண்ணனே கிடையாது. மூலம் மாமனாருக்கு ஆகாது. மாமனாருக்கு அப்போதுதான் பைபாஸ் முடிந்திருந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த கல்யாணம் நின்றது. உலகம்மாளை எட்டு மாதம் கழித்துப் புளியறையில் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பத்தாறு வயது. நான் போயிருந்தேன். பந்தியில் பாயசம் நன்றாக இருந்தது. ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தேன், சரியான நேரம் காட்டக்கூடியது.

உலகம்மாள் கல்யாணம் நிற்பதற்கு நாலு மாதம் முன்பே, சம்பவம் நடந்த பத்தாம் நாளில், உண்மையான நேரங்கள் என் கைக்கு வந்துவிட்டன என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன். கழற்றிய பழைய டிஸ்க் என் மேசை டிராயரில் கிடந்தது. வேறொருவர் கம்ப்யூட்டருக்காக அந்த மறைந்த ஃபோல்டரைப் பற்றிப் படித்தபோது புத்தியில் தட்டியது. டிஸ்க்கை மாட்டிப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது பேரும் அங்கே சௌக்கியமாக இருந்தார்கள். மொத்த எடையும் ஒரு சினிமாப் பாட்டு அளவுகூட இல்லை. சிவப்புப் பென் டிரைவில் ஏற்றிச் சாவிக்கொத்தில் மாட்டினேன். மையத்தில் திரும்ப ஏற்ற ஐந்து நிமிஷம் போதும்.

ஏற்றவில்லை. அதற்குள் அண்ணாச்சி மூன்று பொருத்தம் முடித்திருந்தார், மனிதரை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு இளகிய மனசு. அதோடு, அனுசியா லீவில் இருந்த மூன்று நாளில் ரயில் அட்டவணையைப் பார்க்காமல் நான் செய்த காரியம் ஒன்று இருந்தது.

பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டாவது பெயர் அனுசியா. ஊரில் ஒரே ஒருத்தி பிறந்த நேரம்தான் எனக்குத் தெரியும். காலை ஐந்து ஐம்பது. ஒருமுறை காப்பி கொடுக்கும்போது அவளே சொன்னாள், தான் பிறந்தபோது பால்காரர் மணி அடித்தாராம். அவள் நேரத்தை மாற்றினால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் நேரத்தைத் தொடவில்லை. பிறந்த ஊரின் கடிகாரம் லண்டன் கடிகாரத்துக்கு எத்தனை மணி முந்தி என்று ஒரு எண் உண்டு. புதிதாகப் பதியும்போது ஒருமுறை கேட்கும், பிறகு திரையில் வராது, அந்த மறைந்த ஃபோல்டரில் ஒரு வரியாக இருக்கும். ஐந்தரை என்று இருக்க வேண்டியதை ஒன்பது ஆக்கினேன். கணக்குப்படி அனுசியா ஜப்பானில் பிறந்தாள். செவ்வாய் ஏழாம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் உள்ள மாப்பிள்ளைதான் சேரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பெயரையும் பதிந்து, நாலு என்று எண் கொடுத்து என்னைத் துபாயில் பிறக்க வைத்தேன். வாலிப வயதில் துபாய் போகாத குறை தீர்ந்தது. எனக்கும் தோஷம் வந்தது. போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பத்து. இனி சாஃப்ட்வேரே ஒருநாள் அண்ணாச்சியிடம் சொல்லும், அண்ணாச்சி அவள் அம்மாவிடம் சொல்வார், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிடக் கண்ணியமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் முப்பத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களை அண்ணாச்சி பட்டியலில் தேடுவதே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. எனக்கு அப்போதே முப்பத்து மூன்று. வயதுச் செட்டிங் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்தான். அதில் கைவைப்பது ஏமாற்று வேலையாகப் பட்டது.

நாலு வருஷத்தில் அவளுக்கு வந்த ஒன்பது வரன்கள் திரும்பின. அவள் அம்மா கோமதியம்மாள் செவ்வாய்க்கிழமைதோறும் இலஞ்சி முருகன் கோவிலில் விளக்குப் போட்டார். முழங்கால் வலிக்காரர். நான்தான் பைக்கில் கூட்டிப் போவேன். பெட்ரோல் என்னுடையது. ஊரில் மற்றவர்களைச் சித்தி என்பவன், இவரை மட்டும் அத்தை என்பேன்.

“எய்யா, பையப் போ. எண்ண சிந்திரும்” என்பார் பின்னாலிருந்து. ஒருமுறை, “செவ்வாக்கு நம்ம மேல அப்படி என்னய்யா கோவம்?” என்று கேட்டார்.

“எல்லாம் சரியாப் போவும் அத்தை” என்றேன். பைக் சாவியோடு பென் டிரைவும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்பதில் ஏழாவது, புளியங்குடிப் பள்ளிக்கூட வாத்தியார் நம்பிராஜன். மற்றவர்கள் போட்டோவோடு போனவர்கள், இவர் நேரில் வந்தார். நான் மேசைக்கு அடியில் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். “ஒங்க மெசினுல என்னையப் பாஸ் பண்ணி விட்ருங்க. ஃபெயிலானா எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைய சிரிக்கும்” என்றார். அனுசியா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மேசைக்கு அடியில் நன்றாகவே கேட்டது.

அவர் போனதும் அவளே பொருத்தம் போட்டாள். பிறகு இன்னொரு முறை. பிறகு கம்ப்யூட்டரையே அணைத்து ஆன் செய்து மூன்றாம் முறை. குனிந்து என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இதுல ஏதும் கோளாறு இருக்குமோ? பாத்துச் சொல்லுங்களேன்.”

நான் எழுந்து, கையைத் துடைத்து, பொறுமையாகப் பார்த்தேன். இந்தக் கடிதத்தில் நான் அவசரமாகத் தாண்டிப் போக விரும்பும் இடம் இதுதான். “ஒரு கோளாறும் இல்லையே” என்றேன். அன்று சாயங்காலம் அவளுக்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை அண்ணாச்சி பேரனிடம் கொடுத்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அகப்பட்டேன். வைரஸ் பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதைச் செருகி ஓடவிட்டு, எதிர்க்கடைக்கு வடை வாங்கப் போனேன். சாவிக்கொத்தை நான் தொலைக்கவில்லை. அவள் கம்ப்யூட்டரில் தொங்கவிட்டுவிட்டுப் போனேன், அவ்வளவுதான். மறைந்த ஃபோல்டரைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது எப்படி, அதில் எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானேதான். நாலு பேருக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருப்பவனுக்கு அதை ஒருத்தியிடமாவது காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்தபோது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தாள்: பென் டிரைவில் இருந்த பழைய பதிவோடு ஒப்பிட்டுக் கோடு போட்ட அவள் பதிவு ஒன்று, என் பதிவு ஒன்று.

“அண்ணே, நான் எங்கன பொறந்தேன்?”

“தென்காசிலதான்.”

“இதுல ஒம்பதுன்னு கெடக்கு. எந்த ஊரு?”

“ஜப்பான்” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“ஒங்களுக்கு?”

“துபாய்.”

அவள் இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்க்கச் சரியாக ஒரு வடை ஆறும் நேரம் ஆயிற்று. அவள் அழவில்லை. நானூற்றுப் பன்னிரண்டை மூடிவிட்டு, பென் டிரைவில் இருந்த உலகம்மாளைத் திறந்தாள். காலை ஒன்பது இருபது. கேட்டை. அதைப் பார்த்தபோதுதான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

“இதுவுமா?”

“எல்லாமேதான்” என்றேன். “ஒன்னுது ஒண்ணுதான் வேணும்னு செஞ்சது. மத்ததெல்லாம் தெரியாம வந்தது.”

அந்த வித்தியாசம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

அண்ணாச்சி கேட்டுவிட்டுக் கையிலிருந்த தினத்தாளை மடித்து வைத்தார். பிறகு, “ஏலே, இருநூத்திப் பதினேழு கல்யாணம் முடிச்சு வச்சிருக்கம்லே இந்த நாலு வருசத்துல” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் இருந்த ரயில் அட்டவணையைப் பார்த்துச் சொன்னார். போலீசுக்குப் போவது பற்றி உங்களோடு பேசி முடிவெடுப்பாராம். அனுசியா அதற்குக் காத்திருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி நான் எழுதித் தரவேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பிள்ளையின் சரியான ஜாதகத்தோடு இதன் நகலும் போகவேண்டும், உலகம்மாள் வீட்டுக்கு மட்டும் நான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றாள். ஒத்துக்கொண்டேன். அவள் சொன்னால் நான் எதையும் செய்வேன் என்பது இப்போதாவது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நான் எழுதுகிறேன், அவள் டைப் செய்கிறாள். இந்த நாலு நாளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இத்தனைக்கும் நடுவில் இப்படி ஒரு வாய்ப்பு அமைந்ததை எண்ணாமல் இருக்க முடியவில்லை. மேலே உள்ள பக்கங்களை முகம் மாறாமல் டைப் செய்தாள். அம்மா இலஞ்சிக்குப் போன பகுதியில் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நம்பிராஜன் சாருக்குப் போன வைகாசியில் பெண் குழந்தை பிறந்திருப்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்துவிட்டேன்.

கடைசித் தாளுக்கு வந்தபோது கேட்டேன். என் ஆயுசில் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“இந்தச் செவ்வா, ஜப்பான் ஒண்ணும் இல்லாம, நான் சும்மா வந்து என்னையக் கெட்டிக்கிடுதியான்னு அன்னைக்கே கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பே?”

டைப் செய்யும் கை நிற்கவில்லை.

“மாட்டேன்னு சொல்லியிருப்பேண்ணே. அரை நிமிசத்துல முடிஞ்சிருக்கும்.”