பிளாஸ்டர் ஒட்டிய ரேடியோ

எனக்குச் சத்தமான பாட்டுப் பிடிக்காது. பல பேருக்குப் பிடிக்காது. அதில் பிழை ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

நவரத்தினம் ஐயா, நான் தமிழில் சொல்வதை இந்த அதிகாரிக்கு நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லப் போகிறீர்கள். ஆறுதலாகவே சொல்கிறேன், நீங்கள் அவசரப்பட வேண்டாம். வந்தவுடன் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்துச் சீனி காணுமா என்று கேட்டீர்கள். இப்படிப்பட்ட சின்னக் கரிசனைகளால்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். என் தங்கச்சி ரதிதேவியையும் அப்படித்தான் வளர்த்தேன். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தலை இழுத்து, இரட்டைப் பின்னல் பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவன் நான். பின்னல் எப்போதும் ஒரு பக்கம் கோணலாக இருக்கும். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

நான் ஒக்லாந்துக்கு எண்பத்தைந்தில் வந்தேன். போன வருடம் அவளையும் கூப்பிட்டுக்கொண்டேன். மங்கரேயில் வாடகைக்கு ஒரு பலகை வீடு. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் எனக்கு வேலை, காலை ஆறு முதல் இரண்டரை வரை. ரதிக்குச் சிறுவயதிலிருந்தே தொய்வு, ஆஸ்துமா. குளிர்காலத்தில் அந்த வீட்டுச் சுவர்களில் ஈரம் ஏறும், அவள் நெஞ்சும் விசிலடிக்கத் தொடங்கும். நீல நிற இன்ஹேலர் ஒன்று உண்டு. நாங்கள் பம்ப் என்போம். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது.

பகல் முழுக்கத் தனியாக இருப்பாளே என்று ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தேன். எந்த ஸ்டேஷன் என்பதை நானே தேர்ந்தேன். எப்சமில் பல் வைத்தியரிடம் போயிருந்தபோது அங்கே கேட்டது. பயந்து உட்கார்ந்திருக்கும் ஆட்களை மேலும் பயப்படுத்தாத பாட்டுகள். பியானோ, வயலின், காதலைக்கூடக் குரல் உயர்த்தாமல் சொல்லும் பாடகர்கள். அறிவிப்பாளர் நோயாளியின் கட்டிலருகே நின்று கதைப்பவர் போலக் கதைத்தார். இப்படிப்பட்ட குரலோடு ஒரு இளம் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ரேடியோ முள்ளை அந்த ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்தி, இதிலேயே இருக்கட்டும் என்றேன். ஓம் அண்ணா என்றாள்.

இந்த ஜூன் மாதம், இங்கே குளிர்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து படியேறும்போதே கேட்டது. கிட்டார் கதறியது, மத்தளம் இடித்தது, ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். ரதி குசினியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

“முள்ளை ஆர் திருப்பினது?”

“ஒருத்தரும் திருப்பேல்லை அண்ணா. அதுவாத்தான் வந்தது.”

“அதுவா வருமே?”

“வந்ததே. உங்கட பல் டொக்டருக்கும் விசர் பிடிச்சிட்டுது போல.”

அவள் பகிடிக்காரி. நான் சிரிக்கவில்லை. ரேடியோவை உடனே அணைத்தேன். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் அதே அறிவிப்பாளரின் குரல் வந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். அது இப்போது சொல்ல இலகு. சாப்பிட்ட பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன். பியானோதான் வந்தது. முள்ளும் நான் வைத்த இடத்தில்தான் நின்றது. திருப்பிக் கேட்டுவிட்டுத் திருப்பி வைத்திருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். பாட்டு எனக்குப் பெரிய காரியமில்லை, ஐயா. பொய்தான் பெரிய காரியம்.

மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பிளாஸ்டர் எடுத்து, முள்ளைத் திருப்பும் குமிழின் மேல் ஒட்டினேன். பிளாஸ்டரிலும் ரேடியோவிலும் சேர்ந்து விழும்படி பென்சிலால் ஒரு கோடு போட்டேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் தொடவில்லை. அந்தச் சுதந்திரத்தை அவளுக்கு விட்டுவைத்தேன்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ராம்சாமி வேலியருகே நின்றார். ஃபிஜிக்காரர், பஸ் ஓட்டுகிறவர். “ஒங்க ரேடியோ இன்னைக்கு நல்லா ஆட்டம் போட்டுச்சு தம்பி. துணி காயப்போடப் போன நானும் ரெண்டு ஆட்டம் ஆடிட்டேன். மோகினி பாத்துட்டு வெக்கமா இல்லையான்னு கேக்குறா,” என்றார். மோகினி அவருடைய மனைவி. புதன்கிழமைகளில் ரதியைத் தேவாலய மண்டபத்துத் தையல் வகுப்புக்கு அழைத்துப் போகிறவள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். பிளாஸ்டர் இருந்தது. கோடும் நேராக இருந்தது. அவ்வளவு பொறுமையாக உரித்து, அவ்வளவு சரியாகத் திரும்ப ஒட்டத் தெரிந்த பிள்ளையை நினைத்து எனக்குப் பயம் வந்தது. அது அவளுடைய கைதானா, வேறு யாருடைய கையா என்றும் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் கொளுத்தி அவளைக் கூப்பிட்டேன். எங்கள் ஆட்கள் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. உங்களுக்கும் தெரியும். பொய்ச் சத்தியத்துக்குக் கடவுள் அங்கேயே பதில் சொல்வார்.

அவள் தயங்கவில்லை. உள்ளங்கையால் நெருப்பை மூடினாள். “நான் தொட்டிருந்தா இந்தச் சாமி என்ர மூச்சை எடுக்கட்டும்,” என்றாள்.

அணைந்த கற்பூரத்தின் புகை அவள் முகத்தில் ஏறியது. இருமினாள். பிறகு நெஞ்சு விசிலடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனாலும் நான் கல்நெஞ்சன் இல்லை. பம்பை நானே எடுத்து அவள் வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினேன், முதுகைத் தடவி விட்டேன், மூச்சுச் சீரானதும் சுடுதண்ணீர் கொடுத்தேன். பிறகு பம்பை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். நான் கதவைப் பூட்டவில்லை. ஆட்களை அடைத்து வைக்கிற மனிதன் நான் இல்லை. பம்ப் இல்லாமல் அவள் தபால் பெட்டிக்கு அப்பால் போகமாட்டாள், அவ்வளவுதான். காலையில் நான் வேலைக்குப் போகுமுன் இரண்டு, வந்தபின் இரண்டு. கேட்டால் கொடுத்தேன். ஒரு நாளும் இல்லையென்று சொன்னதில்லை. நான் வீட்டில் இருக்கும்போது.

திங்கட்கிழமை மோகினி வந்தாள். “ரதி ரொம்ப இளைக்குதே அண்ணே. எங்கம்மாவுக்கும் இதே நோய்தான். ஒரு பம்ப் கூடுதலா இருக்கு, வச்சுக்கச் சொல்லவா?” என்றாள். கையோடு கொண்டுவந்திருந்தாள். நல்ல மனம் உள்ளவள். வேண்டாம், எங்களிடம் இருக்கிறது என்று நன்றி சொல்லி அனுப்பினேன். ரதி குசினி வாசலில் நின்று அந்தப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனை அயலாருக்கு முன்னால் விட்டுக்கொடுக்காத பிள்ளை.

அடுத்த நாளிலிருந்து தெற்குக் காற்று, இந்த ஊரில் குளிரைக் கொண்டுவரும் காற்று. புதன்கிழமை காலையில் அவளால் முழு வசனமாகப் பேச முடியவில்லை. “அண்ணா, இண்டைக்கு மட்டும்... வைச்சிட்டுப் போங்கோ.” பின்னேரம் பார்ப்போம் என்றேன்.

பத்து மணித் தேநீர் நேரத்தில் கொட்டகை மேற்பார்வையாளரின் ரேடியோவில் பாட்டுப் போனது. கிட்டார் கதறியது. அதே கத்தல். முடிந்ததும் பேசியவர் என் அறிவிப்பாளர், பல் வைத்தியரின் அறையில் கேட்ட அதே குரல். ஸ்டேஷனின் பெயரைச் சொன்னார். புதுப் பாட்டுகள் பற்றிச் சில நேயர்கள் குறைபட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள், போகப் போகப் பழகிவிடும் என்றார்.

என்னோடு வேலை செய்யும் குலசிங்கம் பக்கத்தில் இருந்தார். “இவங்கள் எப்ப தொடக்கம் இதுகளைப் போடுறாங்கள்?” என்று கேட்டேன்.

“இப்ப ஒரு மாசமா. மெல்லிசைக்கு நடுவில ஒண்டு ரெண்டு செருகுறாங்கள். ஏன், உமக்கு நித்திரை குழம்புதோ?”

அவள் தொடவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், வீட்டில் ஏதாவது என்றால் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவரும் நல்ல மனிதர். பம்ப் என் பையில்தான் இருந்தது. வீட்டுக்குக் காரில் பத்து நிமிடம். ஆனால் நெருப்பைக் கையால் மூடியவள் உண்மை சொல்லியிருந்தால், அவளை மூட வைத்த நான் யார்? வேலையை விட்டு ஓடிப்போய்த் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்பது ஒரு மூத்தவனுக்கு அழகில்லை என்று தோன்றியது. நேரத்துக்குத்தான் போவேன், பேச்சுவாக்கில் பம்பை மேசையில் வைத்துவிடுவேன், அவள் விளங்கிக்கொள்வாள் என்று முடிவு செய்தேன். ஒன்றுமில்லை என்று அவருக்குச் சொன்னேன். இரண்டரைக்கு வெளிக்கிட்டு, வழியில் டெய்ரி என்கிற மூலைக் கடையில் நின்று அவளுக்குப் பிடித்த சொக்கலேட் ஒன்று வாங்கினேன். எதை எடுப்பதென்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்த யோசனையிலும் அன்பு இருந்தது.

வாசல் படலையில் காரை விட்டு இறங்கும்போது ரேடியோ கேட்டது. தெரு முழுவதும் கேட்கும் சத்தம். எங்கள் வீட்டில் சத்தக் குமிழ் அவ்வளவு தூரம் ஒரு நாளும் திரும்பியதில்லை. கிட்டாரும் மத்தளமும். மத்தளத்தோடு சேராமல் வேறொரு தட்டல் பலகைச் சுவரில் கேட்டது. மூன்று தரம். பிறகு கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் மூன்று.

நான் படலையிலேயே நின்றேன்.

தான் சொன்னது உண்மையென்று தெருவுக்கே கேட்க வைக்கிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தத்துக்கு மேல் நான் பேசுவதில்லை. பாட்டு முடியட்டும் என்று நின்றேன். தட்டல் இரண்டாகியது. பிறகு ஒன்று. மோகினி வேலையால் வந்து காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். “கதவு தொறந்துதானே இருக்கு, ஏண்ணே நிக்கிறீங்க?” என்று கேட்டபடி என்னைத் தாண்டி உள்ளே போனாள். அவள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தது எனக்கு வெளியே கேட்டது. பிறகு அவள் ரதி, ரதி என்று கூப்பிட்டது கேட்டது. அதற்குப் பிறகும் பாட்டு மெல்லிய குரலில் கொஞ்ச நேரம் போனது. அது முடிந்த பின்தான் நான் உள்ளே போனேன்.

ரதி மேசைக்கருகே கிடந்தாள். மோகினி அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்து, கலைந்த முடியை விரல்களால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் பம்பை எடுத்து நீட்டினேன். மோகினி அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வாங்கவில்லை.

நீங்கள் ஏன் நிறுத்திவிட்டீர்கள், நவரத்தினம் ஐயா? அதிகாரி காத்திருக்கிறார். அவர் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன், அப்படியே சொல்லுங்கள். ஓம், அந்தத் தட்டல் என்னவென்று எனக்குத் தெரியும். படலையில் நின்ற நேரம் முழுக்கத் தெரியும். பம்ப் என் பையில் இருந்ததும் தெரியும்.

இன்னொன்றையும் எழுதச் சொல்லுங்கள். அதிகாரி எடுத்துக்கொண்டு வந்திருக்கும் அந்த ரேடியோவை அவர் நன்றாகப் பார்க்கட்டும். பிளாஸ்டர் ஒட்டினபடியே இருக்கிறது. பென்சில் கோடு ஒரு நூல்கூட விலகவில்லை. கடைசி மூச்சுக்குத் தவித்த நேரத்திலும் அந்தக் குமிழை அவள் தொடவில்லை. நான் வளர்த்த பிள்ளை அவள்.