எம்பி த்ரீ சாரோட கைங்கரியம்

இல்லீங்க, அழிஞ்சதை மீட்டுத் தருவீங்கன்னு கொண்டாந்த இந்த டிஸ்க் கீழ விழல. தண்ணியும் படல. எங்க மேனேஜர் கை பட்டுச்சு, அவ்வளவுதான்.

சிரிக்காதீங்க. ஆபீஸ்ல அவருக்கு நாங்க வச்ச பேரே எம்பி த்ரீ சார். நாங்க கம்ப்யூட்டர் கேம் செய்யுறவங்க. அதுல சத்தமெல்லாம் என் பொறுப்பு. துப்பாக்கி வெடிக்கிறது, கதவு கிறீச்சிடுறது, பேய் மூச்சு விடுறது, எல்லாம் நம்ம கைவேலைதான். ஒரு நாள் மீட்டிங்ல, கேம் ரொம்ப கனமா இருக்கு, டவுன்லோட் ஆகுறதுக்குள்ள ஆளுங்க ஓடிப்போயிடுறாங்க, எல்லாச் சத்தத்தையும் எம்பி த்ரீ ஆக்கிடுன்னாரு.

நான் பொறுமையாத்தான் சொன்னேன். சார், பாட்டு, பின்னணி இசை நீளமானது, அதைச் சுருக்கிக்கலாம், அதுக்கு ஓஜிஜின்னு ஒரு ஃபைல் வகை இருக்கு. துப்பாக்கி, காலடியெல்லாம் துக்கிணியூண்டு சத்தம், அதைச் சுருக்காம, பதிஞ்சபடியே வேவ் ஃபைலாவே விட்டுடுவோம். எம்பி த்ரீ ஆக்கினா முன்னாடி கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கும், திரும்பத் திரும்ப ஓடுற மழைச் சத்தம் விக்கல் எடுக்கும்னேன். மழைக்கு ஏதுய்யா விக்கல், நீ என்ன டாக்டரான்னாரு. மொத்த ரூமும் சிரிச்சுது. மேனேஜர் ஜோக் அடிச்சா சிரிச்சுத்தானே ஆகணும்?

அப்புறமென்ன, கேம் வெளியாச்சு. எதிரி செத்து விழுந்து, அதுக்கப்புறம் சாவகாசமா டுமீல்னு கேக்குது. விளையாடுனவங்க எல்லாம் கழுவிக் கழுவி ஊத்துனாங்க. சார் என்னைக் கூப்பிட்டு, ஏம்பா, குண்டைக் கொஞ்சம் சீக்கிரம் வெடிக்க வைக்கக்கூடாதாங்குறாரு!

பேக்கப்பா? இதாங்க பேக்கப். சுருக்குறதுக்கு முன்னாடி இருந்த ஒரிஜினல் வேவ் அத்தனையும் இதுலதான் இருந்துச்சு. நான் லீவுல இருந்தப்போ, அதான் எல்லாம் எம்பி த்ரீயா இருக்கே, இது எதுக்குத் தண்டமான்னு மொத்தத்தையும் அழிச்சுட்டு, அவரு டூர் போன போட்டோவைக் கொட்டி வச்சிருக்காரு. கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு படகுல ஒய்யாரமா சாய்ஞ்சிருப்பாரு, நீங்களே பாப்பீங்க. அந்த போட்டோ ஏறின இடத்துல இருந்த சத்தம் போனது போனதுதான். மிச்சத்துல ஏதாச்சும் தேறுதான்னு பாருங்க.

ஐயோ, துப்பாக்கியெல்லாம் வேணாங்க. அதை மறுபடி பதிஞ்சுக்கலாம். சூனியக்காரின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அது மட்டும் போதும். ஆமா, கேம்ல எல்லாரையும் திட்டிக்கிட்டே வர்ற கிழவி. எம்பி த்ரீயில இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா சார் வெயிட் குறைக்கிறேன்னு நசுக்கின நசுக்குல, மூக்கடைச்சுப்போய் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கிடக்கு. ஆஸ்பத்திரியில போட்டுக் கேட்டுட்டு, இது உதவாதுன்னுட்டாங்க.

ஆஸ்பத்திரிதாங்க. அந்தக் கிழவிக்குக் குரல் குடுத்தது என் வீட்டுக்காரி. நான் லீவு போட்டதே அவ தொண்டை ஆபரேஷனுக்குத்தான். குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. இப்ப ஃபோன்ல டைப் பண்ணா அது பேசுது. சுத்தமான பதிவு கிடைச்சா, அவ குரல்லயே பேச வச்சுத் தர்றோம்ங்குறாங்க. அதுவரைக்கும் எங்க வீட்ல, ஸ்டேஷன்ல ரயில் தாமதமா வருதுன்னு சொல்ற அம்மா மாதிரி எவளோ ஒருத்தி, சாப்பிட வாங்கன்னு கூப்பிடுறா.

அதோ, ஸ்கூட்டர் பக்கத்துல, கழுத்துல துணி சுத்திக்கிட்டு நிக்குறாளே, அவதான். டிஸ்க்கைக் குடுத்துட்டு வர்றதுக்கு இவ்வளவு நேரமா, அங்க என்ன வெட்டிப்பேச்சுன்னு இந்நேரம் திட்டிக்கிட்டுத்தான் இருப்பா. எனக்குத்தான் கேக்கல.