வாசலில் காய்ந்த ஃபில்டர்

வீட்டுக்கு ஏசி வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கடைக்காரன் பேச்சைக் கேட்டு அளவைத் தீர்மானிக்காதீர்கள் என்பதைத்தான். சொல்கிற நானே கடைக்காரன் என்பதால் சிரிப்பார்கள். இரத்தினபுரி பஜாரில் இருபது வருடமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பொலிஸ் ஸ்டேஷனில் சுற்றுகிற இந்த ஃபேன்கூட என் கடையில் வாங்கியதுதான், புவாட் சேர். அதற்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்கள். கிறீச் கிறீச்சென்று சத்தம் வருகிறது.

சிங்களத்திலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள்தான், "தமிழ்லயே ஆறுதலாச் சொல்லுங்க முதலாளி" என்றீர்கள். நல்லது. எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

என் மனைவி பரிமளத்துக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு வியாதி. நிவித்திகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அந்த வேலையை நான் நிறுத்தவில்லை. கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுப் பெண் மாதிரி தினமும் மலையேறி இறங்க வேண்டுமா என்று கேட்டேன், அவ்வளவுதான். அவளாகவே நின்றுவிட்டாள். நான் எதையும் யார் மேலும் திணிக்கிற ஆள் இல்லை. பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

2003 மே மாத வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் சுவரெல்லாம் ஊறிப்போய் மாதக்கணக்கில் காயவில்லை. வீடு இழந்த சனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பரிமளம் அங்கே போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் கையெல்லாம் சாக்கட்டித் தூளோடு வருவாள். அந்தத் தூள் பட்டால் அவளுக்கு இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. சமைத்துக்கொண்டே பாட்டுப் பாடினாள். அந்த முகத்தை நான் பல வருடம் பார்த்ததில்லை. பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

பயந்ததில் தவறில்லை. அந்த மழை விடுவதற்குள் என்னிடம் வந்து சொன்னாள்.

"என்னங்க, பலாங்கொடைக்கு மேல ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேணுமாம். குவாட்டர்ஸும் குடுக்கிறாங்க. அந்தக் காத்துக்கு எனக்கு இழுப்பே வராது. தர்மிளாவையும் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஞாயித்துக்கிழமையில வந்துட்டுப் போங்க."

தர்மிளா எங்கள் ஒரே மகள். கேட்டீர்களா சேர்? கட்டின புருஷன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. பஜார் வாய் சும்மா இருக்குமா? பெண்டாட்டி பிள்ளை விட்டுப் போனவன் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அதைவிட, சாத்திக் கிடக்கிற வீட்டைத் திறந்துகொண்டு நான் மட்டும் உள்ளே நுழைவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. நான் சத்தம் போடவில்லை. "அந்தக் குளிர்க் காத்தை நான் இங்கயே கொண்டு வந்து தாறேன்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்காகச் சரி என்றாள்.

ஒரு அறைக்கு மட்டும் ஏசி போட்டால் போதும் என்று டொக்டர்கூடச் சொன்னார். நான்தான் முழு வீட்டுக்கும் போடுவது என்று நின்றேன். பரணில் ஒரு பெரிய மெஷின், அங்கிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் காற்று. ஜன்னலெல்லாம் இறுக்கி மூடிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் மாணிக்கக்கல் முதலாளிமார் வீட்டில்கூட அப்போது அது இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பரிமளத்திடம், "ஹொந்த மஹத்தயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனிதர் என்று.

கொழும்பிலிருந்து ஹுஸைன் என்று ஒரு பொடியன் அளவெடுக்க வந்தான். கெட்டிக்காரன். அறைகளை அளந்தான், எந்தச் சுவரில் வெயில் அடிக்கிறது என்று பார்த்தான், எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்டான். கணக்குப் போட்டு ஒரு நடுத்தர அளவைச் சொன்னான். இதைவிடப் பெரிதாகப் போட்டால் என்ன என்று கேட்டேன். கடைக்காரன் புத்தி, சும்மா கேட்டேன்.

"வேணாம் முதலாளி. பெரிசு போட்டா டக்கெண்டு குளிரும், டக்கெண்டு நிண்டுரும். நெடுக ஓடினாத்தான் காத்துல ஈக்கிற தண்ணி வடியும். இந்த ஊரு ஈரத்துக்குப் பெரிசு போட்டீங்கெண்டா, வூடு குளிருக்குள்ள ஊறிப் போயிரும். பங்கசு புடிச்சிரும். வருத்தக்காரருக்குக் கூடாது."

அவன் இதைச் சொன்னபோது என்னைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

அந்த ஞாயிறு என் மச்சான் யோகராஜ் வந்தான். பரிமளத்தின் தம்பி. நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீ மேக்கர். கொழுந்து வாட்டுவதில் சூரன். அவன் உலகமே அந்த வாட்டும் தட்டுகளும் அதற்கடியில் ஓடுகிற ராட்சத ஃபேனும்தான். ஹுஸைன் சொன்ன அளவைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"பத்தாது மச்சான். மழை நாள்ல பச்சக் கொழுந்து வாடலேன்னா நாங்க என்ன செய்றோம்? பெரிய ஃபேனைப் போட்டுவிடுறோம். மெஷின் பெருசா இருந்தாத்தான் வீடு காயும். அக்கா விசயத்துல சிக்கனம் பாக்காதீங்க."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். தொழிற்சாலையில் அது சரி. அங்கே ஃபேன் நிற்காமல் ஓடும். ஏசி குளிர்ந்ததும் நின்றுவிடும். இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. பரிமளம் தம்பியைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தம்பி பாசத்துக்கு நடுவில் நான் ஏன் புக வேண்டும்? "நீ சொன்னா சரிதான் மச்சான்" என்றேன். அவன் சொன்னதற்கும் மேலே ஒரு அளவு கூட்டியே வாங்கினேன்.

அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மெஷின் வந்தது. போட்டதும் வீடு சில்லென்றாகிவிடும், உடனே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும், நிற்கும். ஹுஸைன் சொன்னது அப்படியே நடந்தது. படுக்கை விரிப்பு எந்நேரமும் நசநசவென்று இருக்கும். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே தொய்ந்துபோகும். அலமாரியில் இருந்த என் தோல் சப்பாத்தில் பச்சைப் பூஞ்சணம். பரிமளத்துக்கு இழுப்பு திரும்ப வந்தது. பலாங்கொடைக்குப் போக வேண்டிய கிழமை வந்தபோது அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. "இந்த வருசம் வேணாங்க" என்று அவளே சொன்னாள். இதிலும் நான் எதையும் திணிக்கவில்லை.

அவளுக்கு இழுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முதுகை நீவிவிடுவேன். அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பிடித்ததில்லை. அந்தப் பிடியில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன். உங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதா சேர்?

ஏசிக்குப் பராமரிப்பு முக்கியம். தூசியைப் பிடித்து நிறுத்துகிற ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். தண்ணீர் வடிகிற தட்டைத் துடைக்க வேண்டும். கொழும்புக் கம்பனி ஆள் அனுப்புகிறேன் என்றது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு மாதம் உண்மையிலேயே மறந்துபோனேன். அந்த மாதம் பரிமளத்துக்கு இழுப்பு இரட்டிப்பாக வந்தது. ஏணி போட்டுப் பரணில் ஏறிப் பார்த்தேன். ஃபில்டர் கன்னங்கரேலென்று பூஞ்சணம் பிடித்திருந்தது. கழற்றக் கையை நீட்டினேன். பிறகு கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கடை வழியாக இன்னொரு ஃபில்டர் வரவழைத்தேன். மாதம் பிறந்ததும் அதை வாசலில் வைத்து, சவர்க்காரம் போட்டு, எல்லோரும் பார்க்கக் கழுவுவேன். மழை இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடியில் தொங்கவிடுவேன். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு பரணில் ஏறி, கீழே அவளுக்குக் கேட்கிற மாதிரி மூடியைத் தட்டிவிட்டு, கழுவியதைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிவிடுவேன். கறுத்தது உள்ளேயே இருக்கும். தட்டில் தேங்கிய தண்ணீரும் இருக்கும்.

"என்னங்க, இந்த மாசம் கழுவுனீங்களா? ஒரு மாதிரி மணக்குதே."

"கழுவுனேம்மா. காலையில வாசல்ல காஞ்சுச்சே, பாக்கலையா?"

"பாத்தேன். எனக்காக எவ்ளோ கஷ்டப்படுறீங்க."

இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிடும். எனக்கும்தான். நான் பாவனை செய்யவில்லை. அவள் சொன்னது உண்மை. அவளுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. டொக்டர் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். நடுவில் ஒரு தடவை தம்பி வீட்டில் தங்கிவிட்டு வந்தாள், நெஞ்சு சுத்தமாக. பலாங்கொடைப் பேச்சு மறுபடி எடுத்தாள். வீட்டுக்கு வந்த ஒரு கிழமையிலேயே அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

கடைசி நாள் மத்தியானம் நல்ல மழை. தர்மிளா டியூஷனுக்குப் போயிருந்தாள். பரிமளம் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தாள். மருந்து இழுத்தும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைக் காட்டினாள்.

"அதத் தொறங்க."

"தொறந்தா குளிரெல்லாம் வெளிய போயிடும்மா."

"தொறங்க. மழைக் காத்தாச்சும் வரட்டும்."

ஜன்னலை நான் ஏற்கெனவே ஆணி அடித்து மூடியிருந்தேன். ஆணியைப் பிடுங்கக் கையை விட வேண்டும். அவள் பிடியை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே மெஷின் ஓடியது, நின்றது. அப்புறம் அவளும் அடங்கிவிட்டாள். கை என் கைக்குள்ளேயேதான் இருந்தது.

எட்டாம் நாள் காரியத்துக்கு வந்த யோகராஜ் அந்த அறையில் படுத்தான். காலையில் எழுந்ததும் தோட்டத்துக்குப் போய், தொழிற்சாலைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்தான். பலகையில் அருகருகே இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் அடியில் மட்டும் ஈரத்துணி. காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணி உள்ளது இறங்கி நிற்கும். காற்றே ஊறிக் கிடந்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும். கொழுந்து வாடுமா என்று அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். அக்காவின் கட்டிலுக்கு மேலே அதை மாட்டினான். இரண்டும் ஒரே கோட்டில் நின்றன.

"மச்சான், பெரிய மெஷின் வாங்கச் சொல்லி நான்தான் அக்காவைக் கொன்னுட்டேன்" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். "அழாத மச்சான். தெரியாமத்தானே சொன்ன. நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். குற்றத்தைத் தாங்க முடியாமல் ஹுஸைனைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறான். அவன், "நான் முதலாளிகிட்ட அப்பவே வேணாமெண்டு சொன்னேனே" என்றிருக்கிறான். நான் கடையில் இருந்த நேரமாக யோகராஜ் வந்து பரணில் ஏறியிருக்கிறான். அங்கே கறுத்த ஃபில்டர். ஸ்டோர் அறையில் ஆணியில் வெள்ளை வெளேரென்று மற்றது. இரண்டையும் உங்கள் மேசையில் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து ஒன்றின்மேல் ஒன்று வைக்காதீர்கள், நல்லதிலும் பூஞ்சணம் ஏறிவிடும்.

ஆம், தெரிந்துதான் செய்தேன். அளவும் தெரியும், ஃபில்டரும் தெரியும், ஜன்னலும் தெரியும். கொன்றதாக எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன். அவள் என்னை விட்டுப் போகவும் இல்லை.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் சேர். தர்மிளாவை யோகராஜ் தன் குவாட்டர்ஸில் வைத்திருக்கிறான். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டாள், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்கிறாளாம். அம்மாவின் நெஞ்சுதான் அவளுக்கும். வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். பரண் மெஷினை உங்கள் ஆட்கள் கழற்றிவிட்டதால், அவள் அறைக்கு மட்டும் தனியாக ஒன்று கொழும்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. அளவை நானே சொன்னேன்.