ஏழாம் நம்பர் துணியும் இரண்டு லட்சம் கிலோமீட்டரும்

பேருந்து ஓட்டிய முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கோபத்தில் ஹாரன் அடித்ததில்லை என்று தாமே சொல்லிக்கொள்பவரும், அதை மறுக்கும் துணிச்சல் நம்மில் எவருக்கும் வரவிடாதவருமான நம் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே! மூட்டுவலியின் உரிமையோடு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து, இதுதான் நல்ல இடம் என்று தேற்றிக்கொள்ளும் நண்பர்களே! மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, மலைமேல் இருக்கும் நாற்பத்தொரு வீடுகளுக்கும் மருந்துப் பெட்டியோடு போய்வரும் நர்ஸ் மகளே! கடைசி வரிசையில், எந்த நேரமும் வெளியேறிவிடலாம் என்பதுபோல் கதவோரம் நிற்கும் தெருக்கோடி மெக்கானிக் ஐயா அவர்களே! உங்களைக் கடைசியில் அழைத்ததற்குக் காரணம் உண்டு. தயவுசெய்து போய்விடாதீர்கள்.

இன்னும் ஒருவர் பாக்கி. மேடைக்கு இடப்பக்கத்தில், பானெட்டைத் திறந்துவைத்து, டாக்டர் முன்னால் வாயைத் திறந்தவர்போல் நிற்கும் நம் பன்னிரண்டு வீட்டுப் பொதுக் காரே! உனக்கும் என் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும். நாற்பது ஆண்டுகள் அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்தியவன் நான். மேடை எனக்குப் புதிது. இந்தப் பேச்சை எட்டு அட்டைகளில் எழுதி, எண் போட்டு, அடுக்கி எடுத்துவந்தேன். மூன்றாவது அட்டையைக் காணவில்லை. என் மனைவி கையைத் தூக்குகிறார். அவர் கைப்பையில் இருக்கிறதாம். என்னை நம்பி ஒரு காரைக் கொடுத்தீர்களே, உங்கள் துணிச்சலை என்னென்று சொல்வேன்!

சென்ற செவ்வாய்க்கிழமை இந்தக் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. ஏழு ஆண்டுகள். பிரிக்காத இன்ஜின், மாற்றாத டர்போ! அதற்காக என்னைப் பாராட்ட இந்தக் கூட்டத்தைக் கூட்டினீர்கள். பாராட்டை வாங்கிக்கொள்வதற்கு முன்னால், ஓராண்டாக என்னிடம் தங்கிவிட்ட ஒன்றை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது ஒரு மனிதருடைய நல்ல பெயர். அதற்காகத்தான் மேடை ஏறினேன்.

முதலில் பழைய கதை. இந்தக் காரை நாம் வாங்கிய அன்று என்ன சொன்னார்கள்? யார் சொன்னார்கள்? நான் பெயர் சொல்லமாட்டேன், தலைவரையும் பார்க்கமாட்டேன். "மூணே மூணு சிலிண்டரு. அதுக்கு மேல ஒரு காத்தாடி வேற. அஞ்சு வருஷம் தாண்டுச்சுன்னா என் மீசையை எடுத்துக்குங்க" என்றார் ஒருவர். கீழ்வீட்டுத் தையற்கார அம்மா என்ன சொன்னார்? "என் தையல் மெஷினே இதைவிடச் சத்தமா ஓடும்ணே!" காரோடு வந்த கையேட்டை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதில் இரண்டு அச்சுப்பிழை இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். "எழுந்துட்டாரு, அவரே பாத்துக்கட்டும்!" என்று பராமரிப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள். மலைப்பாதையில் கார் ஓட்டவே பயப்படுகிறவன் தலையில்!

டர்போ என்றால் என்ன? வேலை முடிந்து வெளியே போகிற புகையை வாசலில் நிறுத்தி, "போகிற போக்கில் இந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போ" என்று சொல்கிற ஏற்பாடு. அந்தச் சக்கரம் சுற்றினால், அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரமும் சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் அனுப்பும். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜினின் மூச்சை வாங்கும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். லட்சம்! எதன்மேல் சுற்றுகிறது? இரும்பின்மேலா? இல்லை. தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல்! அந்தப் படலம் இருக்கும்வரை டர்போ இருக்கும். அது கருகினால் டர்போ கருகும். ஏழாண்டு ரகசியம் இவ்வளவுதான் ஐயா. பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றலாம் என்றது கையேடு. நமக்கு மலைப்பாதை என்பதால் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு ஒருமுறை மாற்றினேன், இருபத்தாறு முறை. கையேடு சொன்ன அதே ரகம். இன்னொரு ரகம் நன்றாக இருக்கும் என்று சொன்னவர்களுக்கெல்லாம் புன்னகை மட்டும் கொடுத்தேன்.

அப்புறம் அந்த ஒரு நிமிடம். ஆமாம், பின்னால் யாரோ என் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டீர்கள். "ஒரு நிமிஷம் வராரு, ஒரு நிமிஷம் வராரு" என்று படிக்கட்டில் பேசுவது எனக்குத் தெரியாதா? மலை ஏறிவந்த வண்டியை உடனே அணைத்தால், கொதிக்கும் டர்போவுக்குள் எண்ணெய் அப்படியே நின்று கருகும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால், எண்ணெய் ஓடி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டுவிடும். அதற்காக நம் நர்ஸ் மகளிடம் தினமும் கெஞ்சினேன்.

"ஒரு நிமிஷம்மா, டர்போ கொதிச்சுப்போய் இருக்கு."

"நானும்தான் கொதிச்சுப்போய் வந்திருக்கேன் பெரியப்பா. எனக்கு யாரு ஒரு நிமிஷம் குடுக்கறா?"

சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நிமிடம் ஆனதும் அணைப்பார். ஒருநாளும் தவறியதில்லை. இரண்டு லட்சத்தில் பாதிப் பாராட்டு அந்த மூடிய கண்களுக்கு!

இனி போன வருடத்துக்கு வருகிறேன். மூன்றாவது அட்டையும் வந்து சேர்ந்துவிட்டது. பயனில்லை, அதில் நன்றியுரைதான் இருக்கிறது.

ஒரு புதன்கிழமை. மலையின் மூன்றாவது வளைவில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நர்ஸ் மகள் மீதி மலையை நடந்தே ஏறினார். மறுநாள் மெக்கானிக் ஐயா தம் கருவியை மாட்டிப் பார்த்தார். காற்றழுத்தம் போதவில்லை என்றது கருவி. காற்று போதாவிட்டால் எவரும் முதலில் எதைத் திறப்பார்? காற்று வடிகட்டிப் பெட்டியை. அவரும் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு என் பராமரிப்பு நோட்டைப் புரட்டினார். "திங்கக்கிழமைதான் வடிகட்டி சுத்தம் பண்ணியிருக்கீங்க. நீங்க எழுதினா எழுதினதுதான் சார், இதைத் திறக்க வேண்டாம்" என்றார். மீதியெல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், வருத்தத்தோடுதான் சொன்னார்: "டர்போ போச்சு சார்."

அந்த இரண்டு சொல் பன்னிரண்டு வீட்டுக்கும் பரவ எவ்வளவு நேரமாயிற்று? நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மேலே ஏறும் நேரத்தைவிடக் குறைவு! ஞாயிறு பதினொரு மணிக்குக் கூட்டம், வண்டியை விற்றுவிடலாமா என்று தீர்மானம். "வண்டி இல்லேன்னா மலை வேலையை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க பெரியப்பா. எனக்கு மாற்றல் வரும். நடக்க முடியாத அம்மாவை மூணு மாடி இறக்கி, தெரியாத ஊருக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்றார் நர்ஸ் மகள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று நாள் என் நோட்டை நானே பிழை திருத்தினேன். எண்ணெயைத் தள்ளிப்போட்டேனா? ஒரு நிமிடத்தை எங்காவது விட்டேனா? ஒரு வரியிலும் தப்பில்லை. தப்பில்லாத நோட்டு, ஓடாத வண்டி!

வண்டி துடைக்க என்னிடம் ஏழு துணிகள் உண்டு. தையற்கார அம்மா ஓரம் மடித்து, சிவப்பு நூலில் எண் தைத்துக் கொடுத்தவை. ஒன்று, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சிக்கு. ஏழு காற்றுப் பெட்டிக்கு. ஞாயிறு காலையில் துவைத்து, வரிசையாகக் கொடியில் போடுவேன். அந்த ஞாயிறும் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. கொடி முடியவில்லை, துணி முடிந்துவிட்டது.

"ஏழு எங்கே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? உங்க துணிக்கு நீங்கதான் அம்மா" என்றார்.

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. ஈரக் கையோடு கீழே ஓடினேன். நான் ஓடியதை நீங்கள் யாரும் பார்த்ததில்லை, பார்க்கும்படியும் இருந்திருக்காது. நான்கு கிளிப்பையும் எடுத்தேன். பெட்டியைத் திறந்தேன். வடிகட்டியைத் தூக்கினேன். இருந்தது ஐயா, இருந்தது! வடிகட்டியின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு, காற்று வரும் வழியை மூடிக்கொண்டு, ஏழாம் நம்பர் துணி! வடிகட்டியை வெளியே எடுக்கும்போது தூசி அடியில் விழக்கூடாது என்று பெட்டிக்குள் துணி விரிப்பது என் வழக்கம். எந்தக் கையேட்டிலும் இல்லாத என் சொந்த ஜாக்கிரதை! அந்தத் திங்கட்கிழமை விரித்தவன், எடுக்காமலே வடிகட்டியை மேலே வைத்து மூடிவிட்டேன். மூடிவிட்டு, சுத்தம் செய்யப்பட்டது என்று அழகாக எழுதியும் வைத்தேன்.

துணியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு தலைவரிடம் போனேன். "விக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை மலை ஏறிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். ஸ்டீயரிங்கில் நர்ஸ் மகள். பக்கத்தில் தலைவர். பின்னால் மெக்கானிக் ஐயாவும் நானும். "மூணாவது வளைவுல நிக்கும் பாருங்க" என்றார் தலைவர். முதல் வளைவு வந்தது, போனது. இரண்டாவது வந்தது, போனது. மூன்றாவது வளைவில் தலைவர் கதவுப் பிடியை இறுக்கினார். நான் கண்ணை இறுக்கினேன். நர்ஸ் மகள் மிதித்தார். பாய்ந்தது ஐயா வண்டி! மூன்றாம் கியர்! நான்கு பேர் சுமை! செங்குத்து ஏற்றம்! தையல் மெஷின் என்றீர்களே, மலையையே மடித்துத் தைத்துக்கொண்டு போனது! காத்தாடி என்றீர்களே, பதினான்கு வளைவையும் சுற்றி எறிந்தது! உச்சியில் நிறுத்தியதும் நால்வரும் சொல்லிவைத்ததுபோல் கத்தினோம்: "ஒரு நிமிஷம்!"

தட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள். ஆனால் கைத்தட்டலில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

அன்று தீர்மானம் கிழிந்தது. என்ன கோளாறு என்று கேட்டீர்கள். "காற்று வழியில் ஒரு சின்ன அடைப்பு, எடுத்துவிட்டேன்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. என்னைத் தோளில் தூக்காத குறை. மெக்கானிக் ஐயாவை என்ன செய்தீர்கள்? சைக்கிளில் காற்று இறங்கினாலும் "டர்போ போச்சா?" பல்பு எரியாவிட்டாலும் "டர்போ போச்சா?" ஓராண்டாக அதுவே அவருக்குப் பட்டப்பெயர். நம் வீட்டுக்காரர்கள் சிலர் தங்கள் வண்டியை வேறு பட்டறைக்கு ஓட்டிப்போனதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டேன். குனிந்து, எண்ணெய்க் குச்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இதோ பாருங்கள். சிவப்பு நூல். ஏழு. அடைப்பு இதுதான், வைத்தவன் நான்தான். அவர் திறமை தவறவில்லை. என் எழுத்தை நம்பினார், அது ஒன்றுதான் அவர் செய்தது. இந்த மேடையிலிருந்து, இவ்வளவு பேர் முன்னால், உங்கள் நல்ல பெயரைத் திருப்பித் தருகிறேன் ஐயா. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மெக்கானிக் ஐயா ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா. "கையை வெச்சுட்டும் பெட்டியைத் திறக்காதது என் தப்பு சார்" என்கிறார். முடியாது! பாதித் தப்பைப் பங்கு கேட்கிறீர்கள், தரமாட்டேன். முன்னால் வாருங்கள். தலைவர் அவர்களே, உங்கள் பக்கத்து நாற்காலியைக் காலிசெய்யுங்கள்.

அப்படியானால் இந்த இன்ஜின் ஏன் நிலைத்தது? நான் தவறாதவன் என்பதாலா? இல்லை! ஒரு நர்ஸின் ஒரு நிமிடம் நிலைக்கவைத்தது! ஒரு தையற்காரர் தைத்த எண் நிலைக்கவைத்தது! காற்று போதவில்லை என்று கண்டதைக் கண்டபடி சொன்ன ஒரு மெக்கானிக்கின் கண் நிலைக்கவைத்தது! தவறாத கை உலகத்தில் இல்லை. தவறினால் தெரிந்துவிடும்படி எண்ணி வைத்த கைதான் உண்டு! எண்ணினோம், எழுதினோம், ஏறினோம்! இன்றுமுதல் பராமரிப்பு நோட்டில் ஒவ்வொரு வரியின் கீழும் இன்னொருவர் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் எழுத்தாக இருந்தால் இரண்டு பேர் போடுங்கள்! அடுத்த லட்சத்தையும் இந்தச் சின்ன இன்ஜின் தாண்டும். தாண்டியே தீரும்!

பேச்சு ஏற்றம் ஏறி வந்துவிட்டது. உடனே அணைக்கக் கூடாது அல்லவா? ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுகிறேன்.

மூன்றாவது அட்டை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. துணி தைத்துக் கொடுத்த அம்மாவுக்கு நன்றி. அட்டையைப் பத்திரமாக எடுத்துவந்த என் மனைவிக்கு நன்றி. அஞ்சு வருஷம் என்று சொல்லி ஏழு வருஷமாகியும் மீசையோடு வீற்றிருக்கும் தலைவருக்கு... அவரே எழுந்து கத்தரிக்கோல் கேட்கிறார். வேண்டாம் ஐயா, அதுவும் பிரிக்காமலே நிலைக்கட்டும். முன்வரிசைக்கு வந்து அமர்ந்துவிட்ட மெக்கானிக் ஐயாவுக்கு, இந்த ஏழாம் நம்பர் துணியோடு, என் நன்றி.

சூடு இறங்கியது. அணைக்கிறேன். அனைவருக்கும் வணக்கம்!