சீகிரியாவின் உச்சியில் நின்றவர்

"மச்சி, சீகிரியா மலையில அரைவாசியில குந்தி அழுதீங்களாமே!"

கல்முனையில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிய ஒருவர், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்ணைப் பார்த்து இப்படிச் சொல்லிச் சிரித்தார். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய கணவர் இருந்தார். ஏறியவர் கணவருக்கு உறவு போலும்; அந்த முறையில்தான் 'மச்சி' என்றார்.

"உங்கட மாப்புள இவருதான் சொன்னாரு. கல்லுச் சிங்கத்துட காலடியில கம்பியப் புடிச்சிக்கிட்டு, ஏலா எண்டு அழுதீங்களாம். இவரு தனிய உச்சிக்குப் போய் வந்தாராம்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓம் மச்சான், எனக்குத் தல சுத்திட்டு" என்றாள் அவள்.

"இனி நம்மட கடற்கரைக்கே போங்க மச்சி. அங்க ஏறத் தேவல்ல!"

மருதமுனையில் அவர் இறங்கினார். பஸ் நகர்ந்ததும் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் புள்ள ஓமெண்டு சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ற? குந்தி அழுதது நீங்க எண்டா?"

"கூட்டாளிமாரு பகிடி பண்ணுவானுகள் எண்டுதான் மாத்திச் சொன்னன்..."

"பயந்தது நானாவே இரிக்கட்டும், அது பெரிசில்ல. ஆனா உச்சிக்குப் போனது நான். அங்க நிண்டு பாத்தது நான். அத என்ட உம்மாக்கிட்டக்கூட இனிச் சொல்லேலாது."

அவர் தலைகுனிந்தார். இதைக் கேட்டுவிட்டோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

பெரியநீலாவணை தாண்டிய பிறகு அவர் மறுபடி கேட்டார்.

"மேல என்ன இருந்த புள்ள?"

"நீங்கதானே போன. நீங்களே சொல்லுங்க."