எவனும் முந்தவில்லை

கண்ணாடி பார்க்காமல் வண்டி ஓட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நடுக் கண்ணாடி, வலது, இடது. மூச்சு விடுகிற மாதிரி அது தானாக நடக்க வேண்டும். நாற்பது வருடம் ரேஸ் ஓட்டியவன் சொல்கிறேன், முன்னால் இருக்கிற ரோடு எங்கேயும் ஓடிப்போகாது. பின்னால் வருகிறவன்தான் விஷயம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் அம்மணி, என் மருமகன் கிருபாசங்கர் வக்கீல். "மாமா, பதட்டத்துல கண்ணாடியப் பாக்கலைன்னு ஒரே வார்த்தை சொல்லிப்போடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். நல்ல பையன். ஆனால் இந்தச் சென்னிமலை கண்ணாடி பார்க்காமல் ஓட்டினான் என்று ஒரு ஸ்டேஷனில் எழுதி வைத்தால், ரேஸ் ஓட்டுகிற பயல்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி சாந்தாமணி ஒரு ரேஸ்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நான் வீடு திரும்பியதும் வாசலிலேயே கேட்பாள். "எவனாச்சும் முந்துனானுங்களா?" இல்லை என்றால் சோறு போடுவாள். ஆமாம் என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். என் தொழிலில் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

ஒருமுறை கொடுமுடிக் கோயிலுக்குப் போனோம். கோபுரம் தெரிகிற இடத்தில் ஒரு பால் வண்டி எங்களை முந்திவிட்டது. அதை நான் திருப்பி முந்தியது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பவானியில். அதுவரைக்கும் சாந்தாமணி தேங்காய் பழத் தட்டை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். "இங்கயும் சிவன்தானுங்க" என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய்க் கும்பிட்டு வந்தாள். ஒரு கோபம் இல்லை. அப்படிப்பட்டவள்.

போன வருடம் டீமில் என் சீட்டை ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஆலோசகர் ஆக்கினார்கள். ஒரு தொப்பியும் தந்தார்கள். அதற்கப்புறம் என்னைத் துரத்த ஆளில்லை. துரத்த ஆளில்லாதவனுக்குக் கண்ணாடியில் பார்க்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

அன்று காலை சாந்தாமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சாய்ந்தாள். காரை எடுக்கிறேன் என்றேன். மகள் நித்யஸ்ரீ, "நீங்க வேண்டாமுங்கப்பா" என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பிரான்சிஸ் என்ற தம்பி ஓட்டி வந்தான். மகள் அம்மாவோடு அதில் ஏறினாள். நான் மாற்றுச் சேலை, பிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டு என் காரில் ஏறினேன். என் கார் கேட்டை ஒட்டி நின்றது. ஆகவே முதலில் நான்தான் வெளியே எடுக்க வேண்டும். அந்த இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்திலிருந்து கருமத்தம்பட்டி வரை குறுகலான ரோடு. ஹாரன் அடித்து, அவர்களுக்கு வழி ஏற்படுத்திக்கொண்டே முன்னால் போகலாம் என்றுதான் நினைத்தேன். முதல் வளைவு வரை அதுதான் என் எண்ணம். வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன். பிரான்சிஸ் வலது பக்கம் மூக்கை நுழைத்தான். என் கை தானாக வலது பக்கம் திரும்பியது. அதை நான் தடுத்திருக்கலாம் என்கிறார்கள். கைக்கு யார் சொல்வது?

முன்னால் போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. வளைவில் வேகத்தை முடிவு செய்கிறவன் அவன். மெதுவாக நுழைய வேண்டும். பின்னால் வருகிறவன் பிரேக்கை மிதிப்பான். வெளியே வரும்போது நாம் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். எல்லா வளைவிலும் அப்படித்தான் செய்தேன்.

போன் அடித்தது. நித்யஸ்ரீ.

"அப்பா, ஒதுங்குங்கப்பா. வழி உடுங்க."

"நான்தான் கண்ணு வழி பண்ணிக்கிட்டுப் போறேன்."

"நீங்கதானுங்கப்பா வழிய மறிச்சுட்டு நிக்கறீங்க. அம்மாவுக்குக் கையெல்லாம் சில்லுன்னு போச்சுங்கப்பா."

"அந்தத் தம்பியப் பதறாம ஓட்டச் சொல்லு. பிரேக்க முன்னாடியே புடிச்சர்றான்."

போனைப் பிரான்சிஸிடம் நீட்டியிருப்பாள் போல. "ஐயா, உங்களக் கும்பிட்டுக்கறேனுங்க, லெஃப்ட்ல ஒதுங்குங்க ஐயா" என்று ஒரு குரல். அழுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நல்ல கை.

அவினாசி ரோட்டில் ஏறியதும் அவனுக்கு அகலம் கிடைத்தது. பக்கத்தில் வந்துவிட்டான். ஜன்னல் கண்ணாடியில் நித்யஸ்ரீ உள்ளங்கையை வைத்திருந்தாள். வாய் அசைந்தது, கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் வேலை நடக்கிறது என்று தடுப்பு வைத்து, ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். இரண்டு பேரில் ஒருவன்தான் முதலில் நுழைய முடியும். என் வயதில் அந்த இடைவெளியில் அந்த வேகத்தில் நுழைகிறவன் இந்த ஜில்லாவில் இல்லை. உள்ளே போனதும் முன்னால் நூல் மூட்டை லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் சைரன்.

ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் முதலில் காரை நிறுத்தினேன். அதை நகர்த்தச் சொல்லிவிட்டுத்தான் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார் டாக்டர். எந்த இடத்தில் என்று கேட்டேன். தடுப்புக்கு முன்னாலா, பின்னாலா?

ஆக, சைரன் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன், மூன்றிலும் பார்த்தேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்துதான் மறித்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் மனதுக்கு ஆறுதல். எல்லாம் முடிந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது நித்யஸ்ரீ வந்து எதிரில் நின்றாள். அழவில்லை. என் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "எவனாச்சும் முந்துனானுங்களாப்பா?" என்றாள்.

இல்லை கண்ணு என்றேன். அச்சு அசல் அவள் அம்மா குரல். சாந்தாமணி போனாலும், வீட்டில் என்னைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறது.